கொழுந்துத் தராசில் தொங்கிய நூற்று நாற்பது பேர்

எஸ்டேட் ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் எழுதுவது. உங்கள் காலத்தில் எல்லா டெஸ்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்பினால் உடம்புக்குள் எவ்வளவு அழற்சி என்று எண்ணிலேயே வந்துவிடுகிறது. போன மாதம் என்னைப் பார்க்க வந்த உங்களில் ஒருத்தி, “குண்டா இருக்கறவங்களுக்கு நாள்பட்ட அழற்சி இருக்கும் மேடம், எடையக் கொறச்சாப் போதும், எல்லாம் சரியாயிடும்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு எஸ்டேட்டை நான்கு மாதம் கோமாளிக் கூத்தாக்கினோம். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. குன்னூரைச் சுற்றி ஃபாக்டரிகள் வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிது. ஜெகதளாவுக்கு அப்பால் இருந்த எங்கள் எஸ்டேட்டிலும் யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்ற பேச்சுத்தான் காலை முதல் மாலை வரை. அந்த நேரத்தில் கம்பெனி எங்களுக்கு ஒரு வெல்ஃபேர் ஆபீசரை அனுப்பியது. கோயமுத்தூர்ப் பையன், இருபத்தெட்டு வயது, ஊதினால் பறந்துவிடுவார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, லயத்துக்குக்கூட, ஜீப்பில்தான் போவார். ஏறும் முன் ஒரு சிகரெட், இறங்கியதும் ஒரு சிகரெட்.

வந்த வேகத்தில் அவரை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தார்.

“கொழுப்புங்கிறது சும்மா இருக்கிற சமாச்சாரம் இல்லீங்க சிஸ்டர். உள்ளுக்குள்ள அடுப்பு மாதிரி கனன்னுட்டே இருக்குது. மூட்டு வலி, சக்கரை, மாரடைப்பு, எல்லாம் அதுல இருந்து வர்றதுங்க. நம்ம எஸ்டேட்ல அந்த அடுப்ப அணைச்சுப் போடோணும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படித்தான் செய்யும் என்று எங்கள் டாக்டரும் சொல்வார். ஆனால் அணைக்கக் கிளம்பிய இடம்தான் விசேஷம். எங்கள் ஃபாக்டரி ஆபீசர் வரும்போது அவர் வயிறு முதலில் வந்து சேரும், பின்னால் அவர் வருவார். ஹெட் கிளார்க்குக்கு நாற்காலியைக் கழற்றித்தான் எழ வேண்டும். நானும் அப்போது எழுபத்தெட்டு கிலோ. எங்கள் யாரையும் நிறுக்கவில்லை. ஸ்டாஃபுக்கு அழற்சி வராது என்று எந்தச் சர்க்குலரிலும் இல்லை. ஆனாலும் ஸ்டாஃபை நிறுப்பது மரியாதையாக இருக்காதாம். ஆகவே தினமும் மலையேறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் நூற்று நாற்பது பேரை ஒல்லியாக்குவது என்று முடிவாயிற்று.

திட்டம் இதுதான். ஐப்பசியில் ஒரு முறை எல்லோரையும் நிறுப்பது. அடுத்த நாளிலிருந்து காலையில் அரை மணி நேரம் உடற்பயிற்சி. மாசியில் மறுபடி நிறுப்பது. அப்போது எடை கூடியிருந்தால் அந்த ஆள் உடல்தகுதி இல்லாதவர், வேலையிலிருந்து நிறுத்தலாம். இந்தக் கடைசி வரியை வெல்ஃபேர் ஆபீசர் ஒரு கண்டிப்புக்காக எழுதினார். ஆள் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹெட் ஆபீசுக்கோ அந்த ஒரு வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஆள் நிற்கும் தராசு ஒன்று இருந்தது. ஆனால் நூற்று நாற்பது பேர் மலை இறங்கி வந்து போனால் அரை நாள் வேலை கெடும். அதனால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே வேலையை முடித்துவிடலாம் என்றார்கள். அங்கே இருப்பது கொக்கி வைத்த தொங்கு தராசு. கொக்கியில் ஒரு சாக்கைத் தொட்டில் மாதிரிக் கட்டி, ஒவ்வொரு பெண்ணாக அதில் உட்காரவைத்து, தரையிலிருந்து கால் எடுத்ததும் முள்ளைப் பார்த்து எழுதினார்கள். மேற்பார்வை பார்க்க வேண்டியது நான். அன்று அடைமழை, போகவில்லை. சாயங்காலம் கணக்குப்பிள்ளை கொண்டுவந்த பட்டியலில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டேன். என் முதல் தப்பு அது.

உடற்பயிற்சி மறுநாளே தொடங்கியது. ஆபீசர் ஒரு மண்ணெண்ணெய் டின் மேல் ஏறி நின்று விசில் ஊதுவார். ஐம்பது வயதுப் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு, சேற்றில் குதிப்பார்கள். முப்பது வருடம் செங்குத்தான மலையில் வழுக்காத கால்களில் மூன்று முதல் வாரத்திலேயே சுளுக்கிக்கொண்டன. விபத்துப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்து, ‘ஆரோக்கியம்’ என்று எழுதினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு நாள் ஜீப் கிளம்பவில்லை. ஆபீசர் லயத்திலிருந்து கொட்டகைக்கு நடந்து ஏற வேண்டியதாயிற்று. பாதி மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாராம். இருபது கிலோ கொழுந்தோடு அவரைத் தாண்டிப் போன பெண்கள், “சாரு, கூடைல ஏறிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒல்லியாக இருப்பது வேறு, தெம்பாக இருப்பது வேறு என்பதை நான் புத்தகத்தில் படித்தது பிறகுதான். அந்தப் பெண்களுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.

இந்த நூற்று நாற்பது பேரில் செல்லாயி ஒருத்தி. இலங்கையில், அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினேழு வயதில் கப்பலேறி இங்கே வந்தவள். பருத்த உடம்பு, உரத்த குரல். கணவன் இறந்து, இருந்த ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கென்று இருந்தது அந்த லயத்து வீடும் கொழுந்து பறிக்கும் பத்து விரலும்தான். ஒரு வருடமாகவே அவள் என்னிடம் வந்து, “காலைல வெரல மடக்க ஏலாது சிஸ்டர். வெயில் ஏறினாத்தான் வசத்துக்கு வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் உடம்பைப் பார்ப்பேன். “எடையக் கொறை செல்லாயி, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி வலி மாத்திரை நான்கைக் கையில் கொடுத்து அனுப்புவேன். எழுபத்தெட்டு கிலோ சிஸ்டர் சொன்ன யோசனை இது. அவள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போவாள்.

மாசி வந்தது. இரண்டாம் நிறுவை அன்று நல்ல வெயில். கணக்குப்பிள்ளை கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆபீசர் தானே முள்ளைப் பார்த்து எழுதினார். பத்துப் பேர் முடிந்ததும் அவர் முகம் மாறியதாம். ஐம்பது பேர் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்தாராம். நான்கு மாதம் குதித்ததில் எல்லோருக்கும் எடை கூடியிருந்தது! ஒல்லி, குண்டு, இளையவள், மூத்தவள் என்ற பேதமில்லாமல் ஆளுக்கு நான்கு கிலோ. செல்லாயி ஒருத்திக்குத்தான் போன தடவை இருந்த அதே எடை.

அன்று மத்தியானம் லயமே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நூற்று முப்பத்தொன்பது பேரும் வேலைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டை நிறுத்தட்டுமா, பேதி மாத்திரை தருகிறீர்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆபீசர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“உடற்பயிற்சி பண்ணுனா எடை ஏறுமாங்க சிஸ்டர்? ட்ரெயினிங்ல அப்படிச் சொல்லலியே!” என்றார். பாவம், அழும் நிலையில் இருந்தார். தன்னால் ஏதோ பிரயோசனம் உண்டு என்று காட்டாவிட்டால் கம்பெனி முதலில் அனுப்புவது அவரைத்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் கணக்குப்பிள்ளை வந்ததும் போய்ப் பிடித்தேன்.

“மொதல் தடவ எப்படிங்க நிறுத்தீங்க?”

“எப்பவும் நிறுக்கற மாதிரித்தானுங்க சிஸ்டர்.”

“எப்பவும்னா?”

“ஏனுங்க, அன்னிக்கு என்ன மழை! எல்லாரும் ஈரத்தக் கழட்டிப் போட்டு மாத்திக்கிட்டுத்தான் ஏறுனாங்க, இருந்தாலும் மழை நாளுங்களே. தண்ணிக்கு மூணு கிலோ கழிச்சனுங்க. சாக்குக்கு ஒரு கிலோ. ஈரக் கொழுந்துன்னா கழிக்கோணுமில்லீங்களா? முப்பது வருசமா இதைத்தானுங்க பண்றேன். ஒரு பேச்சு வந்ததில்லீங்க.”

அங்கே இருந்த இலைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். கணக்குப்பிள்ளைக்கு நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று கடைசிவரை விளங்கவில்லை. “சாக்குக்குக் கழிச்சது நாயந்தானுங்களே?” என்று வேறு கேட்டார். யாருக்கும் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. முதல் தடவை கொழுந்தைப் போல் நினைத்து நான்கு கிலோ கழித்தார், இரண்டாம் தடவை ஆபீசருக்கு அந்த வழக்கம் தெரியாததால் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிரித்தபடியே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோருக்கும் நான்கு கிலோ கூடியதாகக் காட்டியது என்றால் யாருக்கும் கூடவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கூடாமல் இருந்த செல்லாயிக்கு நிஜமாகவே நான்கு கிலோ குறைந்திருக்கிறது. எல்லோரும் குதித்த அதே குதிதான் அவளும் குதித்தாள். மற்ற யாருக்கும் இறங்காத எடை அவளுக்கு மட்டும் ஏன் இறங்கியது?

அன்று டாக்டர் வரும் நாள். வாரத்துக்கு இரண்டு முறை குன்னூரிலிருந்து வருவார், அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தராசுக் கதைக்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

“அந்தம்மாவுக்கு என்ன தொந்தரவுன்னு சொல்லுவாங்க?”

“விரல் மடங்கலைன்னு சொல்லுவா டாக்டர். குண்டு உடம்பு, மூட்டுல பாரம்...”

“பாரம் முழங்காலத் தாக்கும் சிஸ்டர். விரல் கணுவ எப்படித் தாக்கும்? விரல்லயா நடக்கறாங்க?”

இருபது வருட சர்வீசில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

செல்லாயியை வரவழைத்தோம். ஒரு வருடமாக நான் தொடாத அவள் கைகளை டாக்டர் வாங்கிப் பார்த்தார். இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தன. பக்கத்து நிரைப் பெண்கள் தினமும் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டு, அவள் பறிப்பது குறைந்ததை வெளியே தெரியாமல் வைத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவள் ரத்தத்தைக் குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தோம். அழற்சி இருந்தால் அதிலுள்ள சிவப்பணுக்கள் வேகமாக அடிக்கு இறங்கும். செல்லாயியின் ரத்தம் கல்லைப் போட்டதுபோல் இறங்கியது.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பு அழற்சியைத் தூண்டும், நடமாட்டம் அதைத் தணிக்கும், எடை இறங்காவிட்டாலும்கூடத் தணிக்கும். ஆனால் அழற்சியே தனி நோயாக வந்து மூட்டைத் தின்னும்போது அது உடம்பு எடையையும் சேர்த்துத் தின்னும். அப்போது இளைப்பது நல்ல செய்தி அல்ல. உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மருந்து தொடங்கினால் விரல்களைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் கோணிக்கொள்ளும், பிறகு நிமிர்த்த முடியாது.

முதலில் மேனேஜரிடம் போய்த் தராசு விஷயத்தைச் சொன்னேன். ஆபீசரும் இருந்தார். பட்டியல் அங்கேயே கிழிந்தது. நூற்று முப்பத்தொன்பது பேர் பிழைத்தார்கள். நான் அடுத்த விஷயத்துக்கு வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் மனக்கணக்குப் போட்டுவிட்டார்.

“அப்படீன்னா செல்லாயி நாலு கிலோ எளச்சிருக்காங்க! சார், நம்ம திட்டம் ஜெயிச்சிருச்சுங்க!”

மேனேஜருக்கும் ஹெட் ஆபீசுக்கு எழுத ஒரு நல்ல சேதி தேவைப்பட்டது. வரும் திங்கட்கிழமை காலை விழா. செல்லாயிக்குச் சிறந்த ஆரோக்கியத் தொழிலாளி பட்டமும் ஒரு பிரஷர் குக்கரும். இளைத்தது நோயால் என்று நான் வெளியே வந்து ஆபீசரிடம் சொன்னபோது அவர் கும்பிட்டார். “திங்கக்கெழம வரைக்கும் நோய வெளிய சொல்லாதீங்க சிஸ்டர். எனக்கு இருக்கறது அந்த ஒரு ஆளுதானுங்க.”

முடியாது என்று சொல்லிவிட்டு நேராக லயத்துக்குப் போனேன். செல்லாயி வாசற்படியில் உட்கார்ந்து வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கையை வெந்நீரிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“சொகமில்லாதவன்னு எழுதினா தொர வேலைய நிப்பாட்டி வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு. எளச்சவன்னு எழுதினா குக்கர் குடுப்பாரு. நீங்களே சொல்லுங்க சிஸ்டர், நான் எதுவா இருக்கட்டும்?”

நான்கு நாள்தானே, விழா முடியட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அதுவும் தப்புத்தான். நோயாளி கேட்டாள் என்பதற்காக வைத்தியத்தை ஒரு நாளும் விழாவுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி, நல்ல குளிர். கொட்டகையில் நாற்காலி போட்டு, தராசுக்கே மாலை போட்டிருந்தார்கள். ஆபீசர் அழற்சியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். செல்லாயி நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். மேனேஜர் குக்கரை நீட்டினார். அவளுக்கு விரல் மடங்கும் நேரம் இன்னும் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து வாங்கப் பார்த்தாள். முடியவில்லை. குக்கர் மேனேஜர் காலில் விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு, படியில் தடதடவென்று இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் போய் மறைந்தது. மூடி மட்டும் தனி வழியில் போயிற்று. யாரோ கை தட்டிவிட்டார்கள்.

செல்லாயி குனிந்து எடுக்கப் போகவில்லை. தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து மேனேஜரிடம் போனேன். நொண்டிக்கொண்டிருந்தவரை ஓரமாக உட்காரவைத்து, காலைப் பார்க்கும் சாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னிக்கே கோயமுத்தூர் போகணும் சார். ஆறு மாசம் மெடிக்கல் லீவு. வீடு அவகிட்டயே இருக்கணும். திரும்பி வந்தா டாக்டர் பார்த்துத் தகுதின்னு சொன்னா பழைய வேலை.”

“இப்ப இருக்கிற நெலமைல ஆறு மாசம் எப்படிம்மா?” என்றார்.

“ஆஸ்பத்திரி வருடாந்திர ரிப்போர்ட் நாந்தான் சார் எழுதறேன். ஆளுங்கள எப்படி நிறுத்தோம், தண்ணிக்கு எவ்வளவு கழிச்சோம்னு ஒரு பத்தி எழுதணும். எழுதட்டுமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க.”

நான் மிரட்டவில்லை. அனுமதிதான் கேட்டேன். அவர் என்னையும் மாலை போட்ட தராசையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது. “லீவ் ஃபாரத்தக் கொண்டாங்க” என்றார். பத்து மணிக்குச் செல்லாயி ஆபீசரின் ஜீப்பில் மலை இறங்கினாள். கூடப் போனது ஆபீசரேதான், யாரும் சொல்லாமல். அன்று முழுக்க ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்காக நின்றதாகவும், கால் வலித்ததாகவும் பிறகு என்னிடம் சொன்னார்.

அது முழுதாக விட்டுப்போகும் நோய் அல்ல. மாத்திரை தொடர வேண்டும், ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில பேருக்கு மருந்து கேட்காது. செல்லாயிக்குக் கேட்கிறதா என்று மாதாமாதம் பயந்துகொண்டே இருந்தேன். அந்த ஆறு மாதமும் நான் குவார்ட்டர்சிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தேன். எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனால் மேட்டில் மூச்சு வாங்குவது நின்றது.

லீவு முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே செல்லாயி தகுதிச் சீட்டுக்கு வந்து நின்றாள். வேண்டுமென்றே விடியற்குளிரில் வந்திருக்கிறாள். தராசில் ஏற்றினேன், ஆறு கிலோ கூடியிருந்தது. சீட்டில் ஆபீசர் திட்டத்துக்காக அச்சடித்த பழைய கட்டம் இன்னும் இருந்தது: எடை கூடியிருந்தால் தகுதியில்லை. பேனாவை வைத்துவிட்டு, “என் கையப் பிடிச்சு அழுத்து பாக்கலாம்” என்று நீட்டினேன்.

அவள் பத்து விரலாலும் பிடித்தாள். பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கும் சேர்த்து அழுத்தினாள். நான் போட்ட கூச்சலில், அன்று சீக்கிரமே வந்திருந்த டாக்டர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“எனக்குத்தான் டாக்டர்” என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வலி பாதிதான் அதற்குக் காரணம். அவர் என் மணிக்கட்டில் சிவந்து பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தார். செல்லாயியின் கையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நின்றபடியே என் பேனாவை எடுத்து, எடைக் கட்டத்தை அடித்துவிட்டு, ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்லாயி சீட்டை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.